வில்சன் நோய்: இரத்தப் பரிசோதனை உணர்த்துவது என்ன?

நாம் உண்ணும் உணவிலுள்ள செம்புச் சத்து உடலுக்குச் சிறிதளவே தேவை. மிகுதியைக் கல்லீரல் பித்தநீர் வழியே வெளியேற்றுகிறது. இப்பணிக்குரிய மரபணு பழுதுற்றுப் பிறந்தோருக்குச் செம்பு கல்லீரலிலும், பின்னர் மூளையிலும் கண்ணிலும் படிகிறது. 1912ஆம் ஆண்டில் இதனை விரிவாக விளக்கிய மருத்துவர் கின்னியர் வில்சனின் பெயரால் இது வில்சன் நோய் எனப்படுகிறது.

அறிகுறிகள்

சிறுவர்க்கும் இளைஞர்க்கும் மீண்டும் மீண்டும் மஞ்சள் காமாலை வருதல், வயிறு வீங்குதல், கை நடுங்குதல், பேச்சுக் குழறுதல், கையெழுத்து மாறுதல் ஆகியவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம். காமாலைக்குப் பச்சிலை மருந்து கொடுத்துக் காத்திருந்தால் காலம் வீணாகும்.

பரிசோதனைகள்

இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம் செருலோபிளாஸ்மின். இது பொதுவாக டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறையாது. 10க்கும் கீழே இருப்பின் வில்சன் நோய் என்னும் ஐயம் வலுக்கும். எனினும் இவ்வொரு எண்ணைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. கைக்குழந்தைகளுக்கும், ஊட்டச்சத்துக் குறைந்தோருக்கும் இந்நோய் இல்லாமலே அளவு குறையும். உடலில் அழற்சி இருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ அளவு உயர்ந்து நோயை மறைத்துவிடும்.

ஆகவே 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவும், கருவிழியைச் சுற்றிய செம்புப் படிவும் பார்க்கப்படும். தேவையெனில் மரபணுச் சோதனையும் செய்யப்படும். சிறுநீர் சேகரிக்கையில் காலை முதற் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதற் சிறுநீர் வரை அனைத்தையும் ஆய்வகம் தரும் கலனிலேயே சேர்க்க வேண்டும். ஒரு வேளை தவறினாலும் கணக்குப் பிழைபடும்.

உடன்பிறந்தோர்

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால் மட்டுமே நோய் உண்டாகும். பெற்றோர் நலமாகவே இருப்பர். அரியலூர், பெரம்பலூர் பகுதிகளிலும் அத்தை மகன், மாமன் மகள் என உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் உண்டு. அத்தகைய மணங்களில் இவ்வாய்ப்பு கூடுகிறது. இது எவர் குற்றமும் அன்று. ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அறிகுறி ஏதுமின்றி ஓடியாடும் பிள்ளைக்கும் சோதனை அவசியம். கல்லீரல் கெடுமுன்பே மருந்து தொடங்கிவிடலாம்.

சிகிச்சை

1956ஆம் ஆண்டில் மருத்துவர் ஜான் வால்ஷ் அறிமுகப்படுத்திய பெனிசிலமின் மருந்து செம்பைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. துத்தநாக மருந்து குடல் செம்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. மருந்து வாழ்நாள் முழுவதும் தேவை. உடல் தேறிவிட்டது என்றோ, கருவுற்றதாலோ தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. செப்புக் குடத்து நீர், ஆட்டு ஈரல், நண்டு, முந்திரி, சாக்லேட் ஆகியவற்றைத் தவிர்ப்பது நன்று.

அடுத்த முறை வருகையில் பழைய பரிசோதனைச் சீட்டுகள் அனைத்தையும் கொண்டு வாருங்கள். குடும்பத்தில் கல்லீரல் நோயால் இளமையில் இறந்தோர் இருப்பின் அதனையும் தயங்காது கூறுங்கள். நோயை விரைந்து அறிய அவை எங்களுக்குப் பெரிதும் உதவும்.