பக்கி என்னும் இராப்பறவை

பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கேற்றும் வேளையில், தோட்டத்து மரங்களின் பக்கமிருந்து 'டொக், டொக், டொக்' என்று ஓர் ஒலி எழுவதைக் கேட்டிருப்பீர்கள். யாரோ கட்டையில் அடிப்பது போலிருக்கும். பேய் என்றும் சாவுக்குறி என்றும் அஞ்சிக் கதவடைப்போர் உண்டு. அது பக்கி என்னும் பறவையின் குரலேயாகும். மலாய் மக்கள் இதனைப் 'புரோங் துக்காங்' என்பர். துக்காங் என்றால் கைவினைஞர். எவ்வளவு பொருத்தமான பெயர்! அடுத்த முறை எத்தனை தடவை தட்டும் என்று பந்தயம் கட்டியவர்களும் இந்நாட்டில் இருந்திருக்கின்றனர்.

நம்மிடையே பரவலாகக் காணப்படுவது பெருவால் பக்கி. ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுடையது. உடல் முழுவதும் பழுப்பும் சாம்பலும் கருமையும் கலந்த புள்ளிகளும் கோடுகளும் நிறைந்திருக்கும். பகலில் சருகுகளின் நடுவே கண்களை மூடி அசையாமல் அமர்ந்துவிட்டால், இரண்டடித் தொலைவில் நிற்பவருக்கும் அது காய்ந்த இலையாகவே தோன்றும். கால்கள் மிகக் குட்டையானவை. ஆதலால், கிளையில் அமரும்போது பெரும்பாலும் குறுக்கே உட்காராமல் கிளையின் நீளவாக்கிலேயே படுத்தாற்போல் இருக்கும்.

அலகு மிகச் சிறியது. வாயோ மிக அகன்றது! வாயைச் சுற்றி விறைப்பான மயிர்கள் உண்டு. அந்தியிலும் விடியற்காலையிலும் பறந்தபடியே வாயைத் திறந்து அந்துப்பூச்சி, வண்டு முதலியவற்றைப் பிடித்து விழுங்கும். இந்த வாயைக் கண்ட பண்டைய ஐரோப்பியர், இது இரவில் பட்டியில் புகுந்து ஆட்டின் பாலைக் குடிப்பதாக நம்பினர். இதன் அறிவியற் பெயரில் உள்ள 'காப்ரிமல்கஸ்' என்னும் சொல்லுக்கே 'ஆட்டுப்பால் கறப்பது' என்பது பொருள். பாவம், பூச்சி தின்னும் பறவைக்கு வந்த பழி!

இரவில் செம்மண் சாலையில் செல்வோர், விளக்கொளியில் இரு சிவந்த கண்கள் மின்னக் கண்டு திடுக்கிடுவர். ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் அதன் கண்களுக்குள் உள்ளது. இருட்டில் நன்கு காண்பதற்கு இயற்கை அளித்த வசதி அது. சாலையில் அமரும் இவ்வழக்கத்தால் பக்கிகள் வாகனங்களில் அடிபடுவதும் உண்டு.

பக்கி கூடு கட்டுவதில்லை. சருகுகள் கிடக்கும் வெறுந்தரையிலேயே ஒன்று அல்லது இரண்டு முட்டைகள் இடும். புல்வெட்டச் செல்லும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம். அடைகாக்கும் பறவை, மனிதர் மிக அருகில் வரும் வரையில் எழாது. தன் நிறத்தையே நம்பியிருக்கும். பின்னர் திடீரென எழுந்து, சிறகொடிந்தது போல் தரையில் தத்தளித்துச் செல்லும். அடிபட்ட பறவை என்று எண்ணிப் பின்தொடராதீர்கள். முட்டையிடமிருந்தோ குஞ்சிடமிருந்தோ நம்மை அகற்றிச் செல்ல அது செய்யும் உபாயம் அது. அவ்வேளையில் காலடியைப் பார்த்து, மெல்ல வந்த வழியே திரும்பிவிடுங்கள். குஞ்சுகளும் சருகின் நிறத்திலேயே இருக்கும்.