கையால் கேள்

ஃபுல்லர்டன், கலிஃபோர்னியா
டிசம்பர் 14

அன்புள்ள கயல்,

உன் கல்லூரி வழியாக 'நாம்' (NAMM) இசைக்கருவி ஷோவுக்கு நுழைவு அட்டை கிடைத்துவிட்டது என்று உன் அம்மா ஃபோனில் சொன்னாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தில் எனக்கும் அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. கூடவே உன் அப்பா கேட்ட கேள்வியையும் சொன்னாள். "எல்லா கிட்டாரும்தான் யூடியூபில் வந்துவிடுகிறதே, அதைப் பார்க்க டிக்கெட் போட்டு அனஹைம் வரை எதற்குப் போக வேண்டும்?" நியாயமான கேள்வி. முப்பது வருடமாக கிட்டார் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. அதனால்தான் வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ போகப் போவது பொருட்காட்சி இல்லை, சந்தை. அதை முதலில் மனதில் வைத்துக்கொள். அதை நடத்துவது, 1901-ல் அமெரிக்கப் பியானோ வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய சங்கம். இன்று வயலின் வில்லுக்கு ரோசின் செய்கிறவர் முதல் பெரிய சின்தசைசர் நிறுவனங்கள் வரை எல்லாரும் அங்கே ஸ்டால் போடுகிறார்கள். டிஸ்னிலேண்டுக்கு எதிரே இருக்கும் மாநாட்டு மையம் அந்த நாட்களில் நிரம்பி வழியும். கடைக்காரர்கள் அடுத்த பல மாதங்களுக்கான ஆர்டரை அங்கே பேசி முடிக்கிறார்கள். அதனால் ஸ்டாலில் நிற்கிறவர் உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உன் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்ப்பார். மாணவி என்று தெரிந்ததும் பார்வை வேறு பக்கம் போகலாம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே கண்ணு. அவர் ஸ்டாலுக்குப் போட்ட பணம் அந்த சில நாட்களில் திரும்ப வர வேண்டும். கடைக்காரர் யாராவது வந்தால் நீயே ஒதுங்கி இடம் விடு. கடைசி நாள் மதியத்துக்கு மேல் திரும்பப் போ. அதே மனிதர் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுவார்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். அந்த அரங்கில் எந்த கிட்டாரின் நாதத்தையும் உன்னால் கேட்க முடியாது. ஒலிக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், மீறினால் வந்து குறைக்கச் சொல்வார்கள். ஆனாலும் ஒரே கூரையின் கீழ் நூறு பேர் ஒரே நேரத்தில் வாசித்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் டிரம்ஸ், இன்னொரு பக்கம் யாரோ டிஸ்டார்ஷன் போட்டு அலறுகிறார். நடுவில் நீ ஒரு ஸ்வரத்தை மீட்டி அதன் வால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்க முயன்றால் ஏமாந்துதான் போவாய்.

நான் ஏமாந்தேன். முதல் தடவை அங்கே போனபோது, ஒரு ஸ்டாலில் அருமையான ஒரு கலைஞர் வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டம் மெய்மறந்து நின்றது. நானும் நின்றேன். நான் வேலை பார்த்த கடையின் முதலாளியிடம் போய், இதை வாங்கலாம் என்று அடித்துச் சொன்னேன். பன்னிரண்டு கிட்டார் வந்து இறங்கியது. பெட்டியைத் திறந்து முதல் கிட்டாரின் நெக்கில் கையை ஓட்டியதும் விரலில் ரத்தம். காயாத மரத்தில் ஃபிரெட் கம்பிகளைப் பதித்திருக்கிறார்கள். இந்த ஊர்க் குளிர்கால வறட்சியில் மரம் சுருங்கியதும் அவற்றின் முனைகள் வெளியே துருத்திக்கொண்டு வந்துவிட்டன. பன்னிரண்டு கிட்டாருக்கும் இரண்டு ஓரத்தையும் அரம் வைத்து நானே தேய்த்தேன். முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்று ஸ்டாலில் நான் கேட்டது அந்தக் கலைஞரின் விரலை. கருவியை நான் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை.

எனவே உன் அப்பாவிடம் இப்படிச் சொல்: சத்தத்தை வீடியோவில் கேட்டுக்கொள்ளலாம், தொடுவதற்கு நேரில்தான் போக வேண்டும். அங்கே போகிறவள் கையை நம்பிப் போக வேண்டும்.

கிட்டாரை எடுப்பதற்கு முன்னால் கேட்டு எடு. ஜாக்கெட்டின் ஜிப்பையும் பெல்ட் கொக்கியையும் கவனி, அடுத்தவர் பாலிஷில் கீறல் விழக்கூடாது. எடுத்த உடனே வாசிக்காதே. உள்ளங்கையின் ஓரத்தை நெக்கின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே ஓட்டு. ஃபிரெட் முனை தடுக்கினால் அந்த மரம் சரியாகக் காயவில்லை, அல்லது முடிக்கும் வேலையில் அவசரம் காட்டியிருக்கிறார்கள். பிறகு ஆறாவது தந்தியை முதல் ஃபிரெட்டிலும் நெக் உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃபிரெட்டைப் பார். தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடம் இருந்தால் நெக்கின் வளைவு சரியாக இருக்கிறது. கார்டுக்கு அங்கே பஞ்சமே இருக்காது. பன்னிரண்டாவது ஃபிரெட் தந்தியைச் சரிபாதியாக்கும் இடம். அங்கே லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கும் அழுத்தி வரும் ஸ்வரமும் ஒன்றாக இருக்கிறதா பார். தலைப்பகுதியில் கவ்வும் டியூனர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள். அது அதிர்வை வைத்து அளப்பதால் இரைச்சலில் எளிதில் ஏமாறாது.

இன்னொரு வழி உண்டு. எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்பில் சொருகாமலே மடியில் வைத்து, அதன் மேல் கொம்பில் உன் தாடை எலும்பை அழுத்திக்கொண்டு மீட்டிப் பார். அரங்கமே இரைந்தாலும் மரத்தின் அதிர்வு எலும்பு வழியாக உன் காதுக்கு வந்து சேரும். எந்த ஸ்வரம் செத்து விழுகிறது, எது நிற்கிறது என்று தெரியும். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

நீ கிட்டாரில் கமகம் வாசிக்கிறவள். உனக்கென்று இரண்டு விஷயம் தனியாகப் பார்க்க வேண்டும். ஃபிரெட்போர்டு தட்டையானது இல்லை, ஒரு பெரிய உருளையின் மேற்பரப்பு மாதிரி வளைந்திருக்கும். பழைய ஃபெண்டர்களில் அந்த வளைவின் ஆரம் 7.25 அங்குலம். கோர்ட் பிடிக்க சுகமாக இருக்கும். ஆனால் மேல் ஃபிரெட்டுகளில் தந்தியை இழுத்து காந்தாரத்தை அசைத்தால், தந்தி அடுத்த ஃபிரெட்டில் உரசிச் செத்துவிடும். 12 அங்குலம், அதற்கும் மேல் தட்டையான போர்டுகளில் அந்தத் தொல்லை குறைவு. இரண்டாவது, தந்தியின் நீளம். ஃபெண்டரில் வழக்கமாக 25.5 அங்குலம், கிப்சனில் சுமார் 24.75. அதே தந்தி, அதே சுருதி என்றால் நீளம் குறைந்ததில் இழுவிசையும் குறையும், விரலுக்கு வலி குறையும். 1970களில் சக்தி குழுவில் வாசித்த ஜான் மெக்லாலின், ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய கிட்டார் வைத்திருந்தார். அப்படி ஒன்று எங்காவது கண்ணில் பட்டால் ஐந்து நிமிடமாவது வாசித்துப் பார்த்துவிடு. வீணையின் மெட்டில் விரல் இறங்குகிற ஞாபகம் உனக்கு வரும்.

பெரிய பெயர்களின் ஸ்டாலில் அரை நாளுக்கு மேல் செலவழிக்காதே. கையெழுத்து வாங்கும் வரிசையில் மூன்று மணி நேரம் நிற்பதையும் உன் மாமாவாக நான் விரும்பவில்லை. சின்ன ஸ்டால்கள் இருக்கும் பக்கம் போ. புதிதாக வருகிறவர்கள், சின்னப் பட்டறைக்காரர்கள் பலர் அங்கேதான் இருப்பார்கள். தன் கையால் செய்த நாலைந்து கிட்டாரைச் சுவரில் மாட்டிவிட்டு, யாராவது நின்று கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே போய் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நகராதே. உனக்கு எது இடறுகிறது என்று சொல். "நான் இப்படி இழுத்து வாசிப்பேன், இந்த இடத்தில் ஸ்வரம் நின்றுவிடுகிறது" என்று வாசித்துக் காட்டு. செய்கிறவனுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

நான் குடியிருக்கும் இந்த ஊரின் கதையே அதுதான். 1938-ல் லியோ ஃபெண்டர் இங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கிறவர்களைக் கூப்பிட்டு, கையில் கொடுத்து, குறை சொல்லச் சொன்னார். 1950-ல் வந்து பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கிட்டார் வெறும் பலகை மாதிரி இருந்தது. ஓரம் விலாவில் குத்துகிறது என்றார்கள் வாசிப்பவர்கள். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது அந்த ஓரம் உடம்புக்கு ஏற்றபடி செதுக்கப்பட்டிருந்தது. யாரோ சிலர் வெட்கப்படாமல் குறை சொன்னதால் வந்த வளைவு அது. 'நாம்' ஷோவிலேயே 1983 ஜனவரியில் இரண்டு போட்டி நிறுவனங்களின் கீபோர்டுகளை ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்கள், மிடி என்பது அன்றுதான் எல்லார் முன்னாலும் வந்தது. ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதால்தான் அது நடந்தது.

மரத்தைப் பற்றியும் கேள். இதை நான் உரிமையோடு சொல்கிறேன், ஏனென்றால் நீ கூடலூர்க்காரி. அங்கே தொங்கும் எத்தனையோ கிட்டாரின் ஃபிரெட்போர்டில், முதுகில் இருப்பது ஈட்டி. தாத்தா வீட்டுக் கட்டிலின் அதே மரம். பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதாகி, 1969 வாக்கில் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. 1992-ல் பிரேசில் ஈட்டி வணிகத்துக்கு உலக அளவில் தடை வந்தது. 2017 ஜனவரி 2 முதல் அந்த மரப் பேரினம் முழுவதுக்கும் சைட்டீஸ் என்ற உலக வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு வந்து, ஈட்டி போட்ட கிட்டாரை நாடு விட்டு நாடு அனுப்பி விற்கவே காகிதம் தேவைப்பட்டது. அந்த வருடம் ஷோவில் கிட்டார் செய்கிறவர்கள் இசையைவிடப் பெர்மிட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். 2019 கடைசியில், செய்து முடித்த கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் இன்றும் விலக்கு இல்லை. ஆசைப்பட்டு யாரிடமாவது பழைய கிட்டார் வாங்கி ஊருக்கு எடுத்துப்போகும்போது இதை மறந்துவிடாதே.

கருங்காலிக்கும் ஒரு கதை இருக்கிறது. சுத்தக் கறுப்பாக இல்லாமல் கோடு விழுந்த கருங்காலியை வெட்டிய இடத்திலேயே போட்டுவிட்டுப் போவது கேமரூன் காடுகளில் வழக்கமாக இருந்தது. 2011-ல் டெய்லர் நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே ஒரு மர ஆலையை வாங்கிய பிறகு, கோடு விழுந்ததையும் ஃபிரெட்போர்டுக்கு எடுத்தார்கள். பழுப்புக் கோடு போட்ட போர்டைப் பார்த்தால் மட்டமான மரம் என்று நினைத்து நகர்ந்துவிடாதே. எந்த மரம், எந்த நாட்டில் வெட்டியது என்று ஒவ்வொரு ஸ்டாலிலும் கேள். நேர்மையாகச் செய்கிறவர் ஆர்வத்தோடு சொல்வார். மழுப்புகிறவரையும் நீ அடையாளம் கண்டுகொள்வாய்.

காது. இதில் நான் கெஞ்சுவேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காது தாங்கும் என்பது மருத்துவக் கணக்கு. மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் பதினைந்து நிமிடம். இருபது வருடம் இதை நான் மதிக்கவில்லை. என் இடது காதில் ஒரு ரீங்காரம் இப்போது ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, இதை எழுதும்போதும். ராத்திரி அமைதியில்தான் அது அதிகம். தம்புராவின் மேல் ஷட்ஜத்தில் ஒரு பகுதி இனி எனக்குக் கேட்காது. உனக்கு அது நேரக்கூடாது. இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கும் காதடைப்பான் வாங்கி, வாசலிலேயே போட்டுக்கொண்டு உள்ளே போ.

பழகிய ஷூ போட்டுக்கொள், நடை ரொம்ப அதிகம். தண்ணீர் பாட்டில், உன் சொந்தப் பிக், சின்ன நோட்டு. வாங்க ஆசை வரும், வரட்டும். மாடல் பெயரையும் கையில் பட்டதையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடு. கடையில் அமைதியாக உட்கார்ந்து வாசித்துப் பார்த்த பிறகு பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ஷோ முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிடு, அனஹைமிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். லியோ ஃபெண்டருக்கு இந்த ஊர் அருங்காட்சியகத்தில் தனிக்கூடம் இருக்கிறது, அடுத்த நாள் போகலாம். அத்தை இப்போதே அவரைக்காய் வாங்கி வைக்கத் தொடங்கிவிட்டாள். வரும்போது உன் பழைய கிட்டாரையும் எடுத்து வா. ஏழாவது ஃபிரெட்டில் உறுமுகிறது என்று போன மாதம் சொன்னாயே, என் மேசையில் வைத்து நீயே அதைச் சரிசெய். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா