காற்று சுமக்கும் மாளிகை

575 டன் எடையுள்ள மாளிகை வானில் பறக்குமா? பறக்கிறது! 2022இல் துபாயிலிருந்து பெங்களூருக்கு வரத் தொடங்கிய ஏர்பஸ் ஏ-380 என்னும் ஈரடுக்கு வானூர்தி, நிலத்தை விட்டு எழும்போது சுமக்கக்கூடிய பேரெடை அது. காண்போர் வியந்து நிற்பர். அறிவியல் மாணவரோ கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதன் இறக்கைகளின் பரப்பு 845 சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்க வேண்டியது ஏறத்தாழ 680 கிலோ. கடல் மட்டத்தில் ஒரு சதுர மீட்டரின் மீது காற்று செலுத்தும் அழுத்தமோ சுமார் 10,300 கிலோ எடைக்கு ஈடு! இதில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்கு, இறக்கையின் மேற்புறத்தைவிடக் கீழ்ப்புறத்தில் அழுத்தம் மிகுந்தால் போதும். விரைந்து செல்லும் இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியே இது.

11 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே காற்றை அழுத்திப் பயணிகள் இருக்கும் பகுதிக்குள் செலுத்துகின்றனர்.

காற்றைச் செலுத்தி உயிர் காக்கும் கலை கோலார் தங்கவயல் தமிழருக்குப் புதிதன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 3 கிலோமீட்டருக்கும் கீழே, கொதிக்கும் பாறைகளிடையே, மேலிருந்து அனுப்பிய காற்றைச் சுவாசித்தே நம் முன்னோர் பொன் வெட்டினர். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர்தம் உழைப்பால் கற்க வந்த நமக்கோ கதவுகள் திறந்துள்ளன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1942 முதல் வானூர்திப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. நண்பர்களே, ஆழத்தை வென்றவரின் பேரப்பிள்ளைகள் நாம். உயரத்தின் அறிவியலையும் கற்போம்!