ஒரு வீட்டுக்கு ஒரு ரவுட்டர் போதும்

அன்புள்ள வாசகருக்கு,

புது ரவுட்டர் மாட்டிய பிறகு மாடி வரை வைஃபை வருகிறது, ஆனால் கீழே உள்ள பிரிண்டர் லேப்டாப்பில் தெரிவதில்லை, வெளியூரிலிருந்து சிசிடிவியையும் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ரவுட்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் கோளாறு எதுவும் இல்லை.

ஃபைபர்காரர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியே ஒரு ரவுட்டர்தான். வெளியே ஒரே ஐபி முகவரியைக் காட்டிக்கொண்டு, உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் மாற்றி எழுதுகிறது. இதற்குப் பெயர் நேட். அதன் பின்னால் மாட்டிய உங்கள் ரவுட்டரும் இதையே மறுபடி செய்வதால் டபுள் நேட் ஆகிவிட்டது.

யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் ஓடும். உள்ளிருந்து போகும் கோரிக்கையை இரண்டு பெட்டிகளும் குறித்துவைத்துக்கொள்வதால் பதில் சரியாக வந்து சேரும். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு அந்தக் குறிப்பு இல்லை. சிசிடிவியைப் பதிவு செய்யும் டிவிஆருக்காகப் புது ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளி அழைப்பைக் குறிப்பிட்ட கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்திருந்தாலும், அழைப்பு ஃபைபர் பெட்டியிலேயே நின்றுவிடும். பிரிண்டரோ ஃபைபர் பெட்டியின் பழைய வைஃபையில், லேப்டாப் புது ரவுட்டரின் வைஃபையில். பிரிண்டரைத் தேடி லேப்டாப் அனுப்பும் அறிவிப்பு தன் ரவுட்டரைத் தாண்டாது.

உறுதி செய்துகொள்ள, புது ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபியை, அதாவது அதன் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் டபுள் நேட்தான்.

எளிய வழி, புது ரவுட்டரை, நேட் செய்யாமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுவது. அந்த வசதி இல்லையென்றால் அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்துங்கள். ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.2 போல யாருக்கும் போகாத ஒரு எண்ணைக் கொடுங்கள். கேபிளை வான் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் போர்ட்டில் செருகுங்கள். போர்ட் ஃபார்வர்டிங்கை இனி ஃபைபர் பெட்டியில் செய்யவேண்டும்.

புது ரவுட்டரே எல்லாம் பார்க்கட்டும் என்றால், ஃபைபர் பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடில் போடும்படி ஃபைபர்காரர்களிடம் சொல்லுங்கள். இணைப்புக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லேண்ட்லைன் போனும் அதே பெட்டியில் ஓடினால், அது தொடர்ந்து வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இதற்குப் பிறகும், ரவுட்டராக வேலை செய்யும் பெட்டியின் வான் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், ஃபைபர் நிறுவனமே தன் பக்கத்தில் நேட் செய்கிறது. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி; உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதனால் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டில் எதை மாற்றினாலும் அது சரியாகாது. நிறுவனத்திடம் உங்களுக்கே உரிய ஸ்டாட்டிக் ஐபி கேளுங்கள், அல்லது டிவிஆர் கம்பெனியின் கிளவுட் ஆப்பில் பாருங்கள்.

இன்னொன்று: போர்ட்டைத் திறந்தால் ஊரார் எல்லோரும் தட்டிப் பார்ப்பார்கள். அதற்கு முன் டிவிஆரின் கம்பெனி பாஸ்வேர்டை மறக்காமல் மாற்றிவிடுங்கள்.