தேயிலைக்குப் பசளையிடும் காலம்

க.பொ.த. (சாதாரண தரம்) விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்
அலகு: தாவரப் போசணையும் பசளைப் பாவனையும்



பசளை பற்றிய வினா வந்தால் நீங்கள் பெரும்பாலும் எதை எழுதுவீர்கள் என்பது எமக்குத் தெரியும். யூரியாவில் நைதரசன் 46%, அதன் குறைபாட்டால் முதிர்ந்த இலை மஞ்சளாகும், மழைக்கு முன் இட வேண்டும். முதல் இரண்டும் சரியானவை. மூன்றாவது அரை விடை. எந்த மழைக்கு முன், ஏன் என்று எழுதாதவர் புள்ளியை இழக்கின்றார். வயலிலோ மலையிலோ அதே பிழையைச் செய்பவர் மூட்டைக்குக் கொடுத்த பணத்தை இழக்கின்றார்.

நீங்கள் ராகலை, கந்தப்பளை, ஹல்கரனோயா, உடப்புசல்லாவ பக்கத்துப் பிள்ளைகளாயின் இப்பாடம் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. ஆகவே நெல்லையும் சோளத்தையும் விட்டுவிட்டுத் தேயிலையையே உதாரணமாக எடுப்போம்.

கொழுந்தோடு எவ்வளவு நைதரசன் போகின்றது?

நெல்லில் நாம் வித்தை அறுவடை செய்கின்றோம். தேயிலையில் அறுவடை செய்வது இளந்தளிரை. தாவரத்தில் நைதரசன் செறிந்திருக்கும் பகுதிகளுள் இளந்தளிரும் ஒன்று. தேயிலைக் கொழுந்தின் உலர் நிறையில் ஏறத்தாழ 4% நைதரசன் ஆகும்.

ஒருவர் ஒரு நாளில் 20 கிலோகிராம் பச்சைக் கொழுந்து பறித்தார் எனக் கொள்வோம். தொழிற்சாலையில் அது ஏறத்தாழ 4.4 கிலோகிராம் தூளாகும். அதில் உள்ள நைதரசன் ஏறக்குறைய 175 கிராம். அதை யூரியாவாகக் கணித்தால் 380 கிராம் அளவில் வரும். ஒரு கூடையில் இவ்வளவு என்றால், ஒரு மலையிலிருந்து ஆண்டு முழுவதும் இறங்கும் கொழுந்தில் எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இட்ட பசளை முழுவதும் செடிக்குச் சேர்வதில்லை என்பதால், எடுத்ததைவிடக் கூடுதலாகவே இடப்படுகின்றது. அந்த மேலதிகம் எவ்வளவு வீணாகின்றது என்பதைத் தீர்மானிக்கும் பெரிய காரணிகளுள் ஒன்று இடும் நாள்.

யூரியாவுக்கு மண்ணில் நிகழ்வது

மூன்று படிகளை ஒழுங்காக நினைவில் வைத்திருங்கள்.

யூரியா நீரில் எளிதிற் கரையும். கரைந்த யூரியாவுக்கு ஏற்றம் இல்லை. ஆதலால் மண் துணிக்கைகள் அதைப் பற்றிக்கொள்வதில்லை. இந்த நிலையில் பெருமழை பெய்தால் யூரியா நீரோடு ஓடிக் கானுக்குள் போய்விடும்.

அடுத்ததாக, மண்ணில் உள்ள யூரியேசு என்னும் நொதியம் யூரியாவை அமோனியம் சேர்வையாக மாற்றும். அமோனியம் அயன் நேரேற்றம் உடையது. களியும் சேதனப் பொருளும் அதைப் பிடித்து வைக்கும். தேயிலை அமோனியத்தை நன்கு உறிஞ்சும் பயிர் என்பதால் இதுவே நமக்கு வேண்டிய நிலை. ஆனால் இம்மாற்றத்தின்போது பசளைமணியைச் சுற்றியுள்ள சிறு இடத்தில் மண்ணின் பீ.எச் பெறுமானம் உயர்கின்றது. மண்மேற்பரப்பு ஓரளவு மட்டும் ஈரமாக இருந்து, தொடர்ந்து வெயிலும் காற்றும் அடித்தால், அமோனியா வாயுவாகி ஆவியாகிவிடும். தேயிலை மண் அமிலமானது, ஆதலால் ஆவியாதல் நிகழாது என்று எழுதுவது தவறு. மலை முழுவதும் அமிலமாக இருக்கலாம். மணியைச் சுற்றிய இடம் சில நாட்களுக்கு அப்படி இருக்காது.

பின்னர் பற்றீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று எதிரேற்றம் உடையதால் மீண்டும் கழுவப்படக்கூடிய நிலை உண்டாகும்.

ஆகவே தேவையான மழை எப்படிப்பட்டது? மணியைக் கரைத்து வேர்ப்பகுதிக்கு இறக்கும் அளவு பெய்ய வேண்டும். அதைத் தாண்டிக் கொண்டுபோகும் அளவு பெய்யக்கூடாது. விடைத்தாளில் இவ்விரண்டு வாக்கியங்களையும் எழுதுங்கள்.

பொசுபரசு வேறு கதை. எப்பாவல பாறைப் பொசுபேற்று மெதுவாகவே கரையும். அமில மண்ணில்தான் அதற்குப் பயன். அது எளிதில் கழுவப்படாததால் ஒரு வாரம் முன்பின் ஆனாலும் பெரிய நட்டமில்லை. பொற்றாசியம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

ஹற்றனுக்கு ஏற்றது ராகலைக்கு ஏற்காது

இலங்கையின் நான்கு மழைக்காலங்களைப் புவியியற் பாடத்தில் படித்திருப்பீர்கள். மார்ச், ஏப்ரல் முதலாம் இடைப்பருவம். மே முதல் செப்தெம்பர் வரை தென்மேற் பருவப்பெயர்ச்சி. ஒக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம். திசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி. பல வழிகாட்டிகள் இந்த அட்டவணையைத் தந்துவிட்டு நிறுத்திவிடுகின்றன. பயிர்ச்செய்கைக்கு இது போதாது.

ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா ஆகியன மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் உள்ளன. யூன், யூலை மாதங்களில் அங்கே மழை விடாது பெய்யும். அந்நாட்களில் யூரியா இட்டால் கானில்தான் தேட வேண்டும். அதே மாதங்களில் பிதுருதலாகலை மலைக்குக் கிழக்கே இருக்கும் ராகலை, உடப்புசல்லாவப் பக்கம் காற்றொதுக்குப் பக்கமாகிவிடும். மலையைக் கடந்து இறங்கும் காற்று ஈரமிழந்து வரண்டு வீசும். மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்வது இத்தென்மேற்குக் காற்றையே. யூலை முதல் செப்தெம்பர் வரை உடப்புசல்லாவத் தேயிலைக்கு நல்ல சுவையும் மணமும் வருவதற்கு இவ்வரட்சியும் ஒரு காரணம். விலை உயரும் காலம்தான். ஆனால் வரண்ட மண்ணில் வேரினால் பசளையை உறிஞ்ச முடியாது. நைதரசன் காற்றோடு போகும்.

ராகலைப் பக்கத்துக்குப் பொருத்தமானவை இரு இடைப்பருவங்களே. மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும் பிற்பகலில் மேற்காவுகை மழை பெய்யும். காலையில் வெயில், மாலையில் மழை. பசளையிட இதைவிட நல்ல காலம் கிடைக்காது. வரட்சி முடிந்து மண் நனைந்த ஒக்டோபர் மாதமும் ஏற்றது. அதன்பின் வடகீழ்ப் பருவ மழை இப்பக்கத்தை நேராகத் தாக்கும். நவம்பர் பிற்பகுதியிலிருந்து மழை வலுக்கும்போது இடுவது வீண். சனவரியில் குளிரும் சேர்வதால் கொழுந்து மெதுவாகவே வளரும்; அப்போது செடிக்குத் தேவையும் குறைவு.

இது பொதுவான படம் மட்டுமே. ஆண்டுக்கு ஆண்டு மழை முன்பின்னாகும். நாளைத் தீர்மானிக்க வேண்டியது நாட்காட்டி அன்று, தோட்டத்து மழைமானியும் காலடி மண்ணும். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் போதும். ஆண்டுக்குரிய அளவை நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகளாகப் பிரித்து இடுவதும் இதற்காகவே. ஒரு தடவை மழை ஏமாற்றினாலும் முழுப் பசளையும் போகாது.

மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், இலையில் ஈரம் இருக்கக்கூடாது. பனி காயாத காலையில் தூவினால் மணிகள் இலையில் ஒட்டி இலை கருகும். புல் நிறைந்த மலையானால் முதலில் களை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பசளையைத் தின்பது புல்.

கவ்வாத்தும் தொலமைட்டும்

மரக்கறித் தோட்டத்தில் அடிக்கட்டுப் பசளை, மேற்கட்டுப் பசளை என்று பிரிப்பார்கள். பல்லாண்டுப் பயிரான தேயிலைக்கு அதற்குப் பதிலாகக் கவ்வாத்துச் சக்கரம் உண்டு. கவ்வாத்து வெட்டிய செடியில் இலை இல்லை. அது வேரில் சேமித்த மாப்பொருளைக் கொண்டே துளிர்க்க வேண்டும். உறிஞ்சுவதற்கு ஆளில்லாத நேரத்தில் நைதரசன் இடுவதில் பயனில்லை. புதுத்துளிர் வந்தபின்பே இட வேண்டும்.

தேயிலைக்கு உகந்த பீ.எச் 4.5 முதல் 5.5 வரை. அமோனியம் தரும் பசளைகள் மண்ணை மேலும் அமிலமாக்குவதால், கவ்வாத்துக் காலத்தில் தொலமைட்டு இட்டுத் திருத்துவர். தொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நேரத்தில் இடக்கூடாது. காரத்தன்மை கூடினால் அமோனியா ஆவியாகும் என்பதை மேலே படித்தீர்கள். சில வார இடைவெளி வேண்டும்.

2021 ஆம் ஆண்டு

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021 இல் இலங்கையின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராம். 2022 இல் அது ஏறத்தாழ 251 மில்லியனாகக் குறைந்தது. வீழ்ச்சி உடனே தெரியாமல் பின்னரே பெரிதானது ஏன் என்று சிந்தியுங்கள். செடியும் மண்ணும் சிறிது காலம் இருப்பில் இருந்து செலவழித்தன. தடை நீங்கியபின் பசளையின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது; எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்தது. ஆகவே வீழ்ச்சி முழுவதையும் தடையின் மீது மட்டும் ஏற்றி எழுதாதீர்கள். அரை ஏக்கர் வைத்திருந்த சிற்றுடைமையாளர் அவ்வேளையில் கைக்குக் கிடைத்த ஒரு மூட்டையை எந்த நாளில் இடுவது என்று வானத்தைப் பார்த்தே இருந்தார்.

மாதிரி வினா

0.5 ஹெக்டெயர் தேயிலைக்கு ஆண்டுக்கு ஹெக்டெயருக்கு 240 கிலோகிராம் வீதம் நைதரசன் தேவை எனக் கொள்க. நான்கு சம தடவைகளில் யூரியாவாக இடப்படுகின்றது.
(அ) ஒரு தடவைக்குரிய யூரியாவின் அளவு யாது?
(ஆ) மூன்றாந் தடவை ஓகஸ்ட் 10 எனத் திட்டமிடப்பட்டது. மூன்று வாரமாக மழையில்லை. ராகலையில் உள்ள விவசாயிக்கு நீர் கூறும் ஆலோசனையும் காரணமும் யாவை?

விடை
(அ) ஆண்டுத் தேவை 0.5 × 240 = 120 கிலோகிராம் நைதரசன். ஒரு தடவைக்கு 30 கிலோகிராம். யூரியா = 30 × 100 ÷ 46 = ஏறத்தாழ 65 கிலோகிராம்.
(ஆ) பசளையிடுதலைப் பிற்போட வேண்டும். வரண்ட மண்ணில் வேர் உறிஞ்சாது. பனியாலும் தூறலாலும் மேற்பரப்பு மட்டும் நனையும்போது யூரியா மாற்றமடைந்து அமோனியாவாக இழக்கப்படும். மழை பெய்து வேர்ப்பகுதி நனைந்தபின், இலை உலர்ந்த நேரத்தில் இட வேண்டும். தவறவிட்ட தடவைக்காக அடுத்த முறை இரட்டிப்பு அளவை ஒரேயடியாக இடக்கூடாது; பிரித்தே இட வேண்டும்.

இதே வினாவை மஸ்கெலியாவில் உள்ள விவசாயிக்கும் யூலை 10 ஆந் திகதிக்கும் மாற்றி, நீங்களே விடை எழுதிப் பாருங்கள்.