மைனஸ் எழுபது போதும்

சிட்னியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பருவநிலைக்காக நான் ஒருத்தி என்ன செய்துவிட முடியும்?

– வாசகி, பாரமட்டா

நிறையவே முடியும், சகோதரி. முதலில் ஆய்வக ஃப்ரீசரைப் பாருங்கள். மைனஸ் 80 டிகிரியில் ஓடும் ஒரு பழைய பெட்டி ஒரு வீட்டுக்கு ஆகும் மின்சாரத்தை விழுங்கும். பெரும்பாலான மாதிரிகளுக்கு மைனஸ் 70 போதும். மின்செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பேராசிரியரிடம் பேசி மாற்றுங்கள். கதவோரப் பனியைச் சுரண்டி எடுங்கள். போன மாணவர்கள் விட்டுச்சென்ற பெயரில்லாக் குப்பிகளுக்கு விடை கொடுங்கள்.

அடுத்து உங்கள் ‘சூப்பர்’, அதாவது ஓய்வூதியச் சேமிப்புப் பணம். பல்கலைக்கழக ஊழியர்களுக்கான ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரில் ‘சஸ்டெய்னபிள் பேலன்ஸ்டு’ பிரிவு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எடுக்கும் கம்பெனிகளை முதலீட்டிலிருந்து ஒதுக்கிவைக்கிறது. இணையக் கணக்கிலேயே அந்தப் பிரிவுக்கு மாற்றலாம். அத்தகைய கம்பெனிகளில் முதலீடு வேண்டாம் என்று பல்கலைக்கழக ஊழியர்கள் கூட்டாகக் குரல் கொடுத்திருக்கிறார்கள், நீங்களும் சேருங்கள்.