பிணவறையிலிருந்து வீடு திரும்புகிறவர்

அன்புள்ள தங்கைக்கு,

பெரம்பலூரிலிருந்து நீ எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிணவறையில் வேலை பார்க்கும் உன் வீட்டுக்காரர் கொல்லையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறார், குடிக்காமல் தூங்குவதில்லை, இப்போது பிள்ளையையும் தூக்குவதில்லை. "குடிதான் காரணமா அண்ணே?" என்று கேட்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் பிள்ளை வயதில் ஒரு பிள்ளையை மேசையில் பார்த்திருப்பார்.

உடல்களைக் கையாள்கிறவர்களின் மனசைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் இடிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது எல்லாருக்கும் தெரியும். சேற்றிலிருந்து உடல்களைத் தூக்கியவர்கள் பிறகு எப்படித் தூங்கினார்கள் என்று நான் எங்கும் படித்ததில்லை. 2023 அக்டோபர் 9 அன்று அதே அரியலூர் மாவட்டத்து விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்தபோதும், கருகிய உடல்களை யாரோ சிலர்தான் துணி சுற்றி உறவினரிடம் கொடுத்திருப்பார்கள்.

அறிக்கை எழுதுவது டாக்டர். அறுப்பதும் தைப்பதும் பல இடங்களில் உன் வீட்டுக்காரர் போன்றவர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சி, மூத்தவர் நீட்டும் குவார்ட்டரும் "மூஞ்சியப் பாக்காத" என்ற சொல்லும்தான். அந்தச் சொல்லில் அனுபவ அறிவு இருக்கிறது. இறந்தவரின் பெயர், செருப்பு, பள்ளிச் சீருடை என்று தெரியத் தெரிய மனசில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது மட்டும் போதாது. துணியை விலக்குமுன் உள்ளே இருப்பது யார், என்ன நிலை என்று சொல்ல வேண்டும். குழந்தையின் உடலென்றால் புதியவரைத் தனியே விடக்கூடாது. கொடுமையான நாளின் முடிவில் எல்லாரும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

2018-இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் துணையோடு தமிழ்நாட்டுக் காவலர்களுக்கு நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கினார்கள். உடலைக் கொண்டுவரும் காவலருக்குத் தேவைப்படுவது, அதை வாங்கிக் கிடத்துகிறவருக்கும் தேவைதானே? 2022-இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்தே இப்படியொரு பயிற்சியைத் தொடங்கலாம்.

இன்றைக்கு நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. என்ன பார்த்தார் என்று கேட்காதே. "இன்னைக்குக் கஷ்டமாப் போச்சா?" என்று மட்டும் கேள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-இல் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. குடியைச் சட்டென்று நிறுத்தவும் வற்புறுத்தாதே. தினமும் குடிப்பவருக்குக் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போ. நீயும் கூடவே உள்ளே போய் உட்கார்.

அன்புடன்,
அண்ணன்